ஆரல்வாய்மொழிக் காற்றும் கோடை வழக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



‘வழக்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மக்கள் நாவில் பயின்றுவரும் பேச்சும் வழக்கு. மன்றத்தின்முன் இரு தரப்பார் எடுத்துரைக்கும் முறையீடும் வழக்கு. ஆரல்வாய்மொழியிலும் அதனைச் சூழ்ந்த தோவாளை வட்டாரத்திலும் கோடைதோறும் எழுகின்ற வெயில் பற்றிய பேச்சு, இவ்விரு பொருளிலும் வழக்கேயாகும். வெயில் மிகுந்துவிட்டது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எதனால் மிகுந்தது என்று கேட்ட அளவில்தான் கருத்துகள் பிரிகின்றன.

‘கத்திரி பிறந்துவிட்டது, இனி இப்படித்தான் காயும்’ என்று பஞ்சாங்கத்தைக் காட்டுவர் ஒரு சாரார். முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளைச் சுட்டி, ‘இவை வந்த பிறகே மழைமேகம் கலைந்தது, இராத்திரியிலும் வெக்கை தணிவதில்லை’ என்பர் மற்றொரு சாரார். குளங்களைத் தூர்த்ததும், வயல்களை மனைகளாக்கியதும், பாறைகளை வெட்டியெடுத்ததுமே காரணம் என்பர் மூன்றாம் சாரார். ‘உலகமே சூடேறி வருகிறது, ஓர் ஊரார் கூடி அதை என்ன செய்துவிட முடியும்?’ என்று கைவிரிப்பர் நான்காம் சாரார். தேநீர்க் கடையிலும், தோவாளைப் பூச்சந்தையிலும், நாகர்கோவிலுக்குச் செல்லும் பேருந்திலும் இந்நால்வகை வாதங்களும் ஒன்றோடொன்று மோதக் கேட்கலாம்.

இதனைப் பொழுதுபோக்குப் பேச்சென்று தள்ளிவிடுதல் தகாது. காரணம் கூறுவது என்பது பொறுப்பைக் கூறுவதேயாகும். விண்மீனின்மேல் காரணத்தை ஏற்றினால் மண்ணில் எவர்க்கும் பொறுப்பில்லை. உலகத்தின்மேல் ஏற்றினாலும் ஏறக்குறைய அதே முடிவுதான். கண்ணெதிரே சுழலும் ஒரு காற்றாலையின்மேல் ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாத பெருங்குற்றவாளிகள் தப்பிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு தரப்பாரும் கண்டது யாது, கண்டதற்குக் கற்பித்த காரணம் யாது என இரண்டையும் பிரித்து ஆராய்தல் வேண்டும். கண்டது பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். வழக்கெல்லாம் காரணத்தைப் பற்றியதே.

வாயிலும் காற்றும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் முடிவதற்குமுன் ஓரிடத்தில் இடைவெளி விட்டு நிற்கிறது. அவ்விடைவெளியின் வாயிலே ஆரல்வாய்மொழி. திருவிதாங்கூர் நாட்டுக்கு இதுவே கிழக்கு வாசலாக இருந்தது. 1809ஆம் ஆண்டு வேலுத்தம்பி தளவாயின் படைகளுக்கும் ஆங்கிலக் கும்பினியார் படைகளுக்கும் இடையே இவ்வாயிலின் அரண்களுக்காகப் போர் நிகழ்ந்ததை வரலாறு கூறும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் எல்லைவாசல் என்னும் நிலை மாறியது. ஆயின் காற்றுக்கு மட்டும் இது இன்றும் வாசலே. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி, விலகிச் செல்ல வழி தேடி, இவ்விடைவெளியில் நெருங்கிப் புகுந்து, நெருங்கியதனாலேயே விரைவு பெற்றுக் கீழ்த்திசையில் பாய்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை விளக்க இவ்வூரில் உரையாசிரியர் எவரும் தேவையில்லை.

வெயிலையும் மழையையும் அளந்தறியும் மரபும் இந்நாட்டுக்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் காலத்தில், 1837ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. அதன் இயக்குநர்களுள் ஒருவரான ஜான் ஆலன் பிரௌன், 1850களில் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். தமிழ் முனிவர் பெயர் தாங்கிய மலையில் வெப்பமானியும் ஏறியது என்பது, அறிவியலையும் மரபையும் பகையாகக் காண்போர் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

கத்திரியும் கணக்கும்

முதலில் பஞ்சாங்கத் தரப்பைக் காண்போர்க்கு ஒரு சொல்நயம் எதிர்ப்படும். ‘ஆரல்’ என்பது ஒரு மீனின் பெயர் என்பதை எவரும் அறிவர். அதுவே கார்த்திகை விண்மீன் கூட்டத்திற்கும் பெயராக நிகண்டுகளில் வழங்கும். அக்கினி நட்சத்திரம் எனப்படுவதும் கார்த்திகையை ஒட்டிய காலமே. இவ்வொற்றுமையைக் கொண்டு, ஊருக்குப் பெயர் வந்ததும் வெயில் வந்ததும் அவ்விண்மீனால் என்று ஒருவர் எளிதாகக் கதை கட்டிவிடலாம், கேட்பவரும் மகிழ்வர். ஆயின் ஒலி ஒத்திருப்பதனாலேயே சொற்பிறப்பு மெய்யாகிவிடாது என்பது மொழிநூலின் முதற்பாடம். காலம் ஒத்திருப்பதனாலேயே காரணம் மெய்யாகிவிடாது என்பதும் அத்தகையதே.

கதிரவன் பரணியின் மூன்றாம் பாதத்தில் புகுவது தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, உரோகிணியின் முதற்பாதத்தை விட்டு நீங்கும்வரை உள்ள காலமே கத்திரி. ஆங்கில நாட்கணக்கில் ஏறத்தாழ மே 4 முதல் மே 28 வரை. அக்கினி நட்சத்திரம் என்பது வானிலையியலில் வழங்கும் சொல்லன்று என வானிலை ஆய்வுத் துறையினர் விளக்கம் கூறுவதும், ‘தலைமுறை தலைமுறையாகக் கண்டது பொய்யா?’ என மக்கள் மறுத்துக் கேட்பதும் தமிழகத்தில் பழகிப்போன காட்சிகள்.

இதில் இரு திறத்தாரும் விட்டுவிடுகின்ற செய்தி ஒன்றுண்டு. தமிழகம் முழுவதற்கும் கோடை ஒன்றன்று. சென்னையும் வேலூரும் மே மாதத்தில் உச்ச வெப்பத்தை அடைகின்றன. தென்கோடியின் நிலை வேறு. ஆரல்வாய்மொழி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டேகால் பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் 11ஆம் நாளளவிலேயே நண்பகற் கதிரவன் அதன் உச்சிக்கு நேராக வந்துவிடுகிறான். கத்திரி பிறக்கும் மே முதல் வாரத்தில் அவன் வடக்கே கிருட்டிணை ஆற்றங்கரையில் விசயவாடாவின் உச்சியை நெருங்கிவிடுகிறான். திருவனந்தபுரத்தின் நீண்டகாலச் சராசரியிலும் பகல் வெப்பம் மிகுவது மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலேயே. மே மாதத்தில் மேகமும் மழையும் வரத் தொடங்க, அது தணிகிறது. நாஞ்சில் நாட்டின் கடுங்கோடை பங்குனியிலும் சித்திரை முற்பகுதியிலும் வருகிறது. பஞ்சாங்கக் கத்திரியோ அது தணியும் காலத்தில் பிறக்கிறது.

அங்ஙனமாயின் முன்னோர் தவறாகக் கணித்தனரா? அதுவும் அன்று. விண்மீன்களை அடியாகக் கொண்ட ஆண்டுக்கணக்கு, பருவங்களை அடியாகக் கொண்ட கணக்கினின்றும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகிச் செல்கிறது. ஆரியபட்டர் காலத்திலிருந்து இன்றுவரை கூட்டினால் மூன்று வாரங்களுக்கு மேலாகும். அந்நாளில் கதிரவன் இதே விண்மீன் இடத்திற்கு வந்தபோது, பருவத்தால் அது இன்றைய ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒத்ததாக இருந்திருக்கும். விண்மீன் தன் இடத்தில் நிற்கிறது. பருவமும் தன் முறையில் வருகிறது. இரண்டையும் பிணைத்த கயிறுதான் நெகிழ்ந்துவிட்டது. ஆகவே கத்திரி என்பது கோடையைக் குறிக்கும் ஒரு பழைய அடையாளமேயன்றிக் காரணமன்று. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததனால் நண்பகல் ஆவதில்லை.

காற்றாலையும் மேகமும்

இரண்டாம் தரப்பு இவ்வூருக்கே உரியது. முப்பந்தலைச் சூழ 1990களில் பெருகத் தொடங்கிய காற்றாலைத் தொகுதி இந்தியாவின் மிகப் பெரிய தொகுதிகளுள் ஒன்று; அதன் திறன் 1,500 மெகாவாட்டு அளவினது என்று பொதுவாகக் கூறப்படும். ‘இறக்கைகள் சுழன்று மேகத்தை விரட்டிவிடுகின்றன’ என்னும் பேச்சு குமரி, நெல்லை மாவட்டங்களில் நெடுநாளாக வழங்கிவருகிறது. தமிழர்க்கு மட்டும் தோன்றிய எண்ணமும் அன்று இது. 2000களின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தின் சாங்லி, சதாரா பகுதி உழவர்களும் வறட்சிக்குக் காற்றாலைகளையே குற்றஞ்சாட்டினர்.

இக்கருத்தை அளவைகளோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். தொடக்ககாலக் காற்றாலைகளின் தண்டு 30 மீட்டர் அளவே உயர்ந்தது. இன்றைய பெரிய எந்திரங்களின் தண்டு 100 மீட்டரைக் கடக்கும். மழைமேகத்தின் அடிப்பகுதியோ பல நூறு மீட்டருக்கு மேலே உள்ளது. பருவக்காற்று கிலோமீட்டர் கணக்கில் தடித்த ஓட்டம். வடபால் நிற்கும் மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அம்மலைச்சுவரே அக்காற்றோட்டத்தை முற்றும் தடுக்கமாட்டாதபோது, அதன் அடிவாரத்தில் நிற்கும் தண்டுகள் மேகத்தைக் கலைத்தல் இயலாது. மேலும், மலைக்கு மேற்கே குலசேகரம் பகுதியில் பெய்யும் மழைக்கும் கிழக்கே இராதாபுரம் பகுதியின் வறட்சிக்கும் உள்ள வேறுபாடு காற்றாலைகளுக்கு மிகவும் முற்பட்டது. மேகம் மலையின் மேற்குச் சரிவிலேயே நீரை இறக்கிவிட்டு, கிழக்கே வெறுங்கையோடு வருகிறது.

இவ்வளவில் வழக்கை முடித்துவிட்டு, ஊராரை அறியாதவர் என்று கூறிச் செல்வது எளிது. அது நேர்மையாகாது. ‘மேகம் கலைகிறது’ என்பதோடு அவர்கள் கூறும் மற்றொன்று, ‘இராத்திரி வெக்கை தணிவதில்லை’ என்பது. தெளிந்த இரவில் நிலம் குளிர, நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழே படிகிறது. சற்று வெம்மையான காற்று அதன்மேல் நிற்கிறது. சுழலும் இறக்கைகள் இவ்விரு அடுக்குகளையும் மோர் கடைவதுபோல் கலக்கிவிடுகின்றன. மேலிருந்த வெம்மை கீழே வருகிறது. கலிபோர்னியாவின் சான் கோர்கோனியோ காற்றாலைத் தொகுதியில் 1989இல் எடுத்த அளவுகளைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு, காற்றாலைகளின் பின்புறத்தே இரவில் வெம்மையும் பகலில் சற்றுக் குளிர்ச்சியும் ஏற்படுவதைக் காட்டியது. டெக்சாசு மாநிலத்தில் 2003 முதல் 2011 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வும், அருகிலுள்ள வெற்று நிலங்களைவிடக் காற்றாலை நிலங்களின் தரைவெப்பம், குறிப்பாக இரவில், மிகுந்ததைக் கண்டது. இது புதிய வெப்பத்தை உண்டாக்குவதன்று. இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவது. நிலக்கரியை எரிப்பதுபோல் ஆண்டாண்டுக்கும் வானில் சேர்ந்துகொண்டே போவதும் அன்று. எந்திரம் நின்றால் அதுவும் நிற்கும். ஆயினும் நிலத்தின்மேல் நிற்கும் மனிதனின் உடல் உணரக்கூடிய ஒன்று அது. முப்பந்தலில் அதன் அளவு யாது என்பதை அங்கே வெப்பமானி வைத்தே கூறுதல் வேண்டும்; சான்றாளரை ஏளனம் செய்து கூறுதல் இயலாது.

இத்தரப்பாரின் பேச்சுக்குள் வேறொரு முறையீடும் மறைந்துள்ளது. காற்று ஊருடையது, நிலமும் ஊராருடையதாக இருந்தது. 1990களில் காற்றாலை அமைத்தோர்க்கு, அதன் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வருமானவரிச் சலுகை இருந்தது. தொலைவிலுள்ள ஆலை உரிமையாளர் பலர் அச்சலுகையை நாடியே இங்கு முதலிட்டனர். எந்திரம் சுழல்வது இவ்வூர்க் காற்றில். ஆதாயம் சேர்வது வேறோர் ஊர்க் கணக்கில். இக்குறையை நேரே கூறச் சொல் கிடைக்காதபோது, ‘எங்கள் மேகத்தையும் கொண்டுபோய்விட்டார்கள்’ என்னும் சொல் பிறக்கிறது. காரணமாக அச்சொல் பொய். முறையீடாக அது மெய். இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சி கவிஞர்க்கு இல்லையெனில் வேறு எவர்க்கு இருக்கும்?

குளமும் வயலும்

மூன்றாம் தரப்பின் வாதம் மிகவும் வலிமையானது. ஆனால் மிகவும் மெல்லிய குரலில் சொல்லப்படுவது. நாஞ்சில் நாடு மருதம். பேச்சிப்பாறை அணையின் நீரும் எண்ணற்ற குளங்களின் நீரும் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களை விளைவித்தன. கன்னிப்பூவுக்கு நீர் நிற்கும் வயல், கோடையின் முதுகிலேயே விரித்த ஈரத்துணி போன்றது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதனை அது சுற்றியுள்ள காற்றிலிருந்தும் நிலத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நீர் நிற்கும் நெல்வயலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் வெயில் நாளில் 5 லிட்டர் அளவு நீரை ஆவியாக விடக்கூடும். கதிரவனின் வெம்மையில் பெரும்பகுதி இவ்வாறு நீரை உயர்த்துவதிலேயே செலவாகிறது. அவ்வயலை மண்ணிட்டு மூடிக் கற்காரை தளம் போட்டால், அதே வெம்மை தளத்தைச் சுடவைத்து, இரவெல்லாம் வீட்டுக்குள் இறங்குகிறது.

குமரி மாவட்டத்தில் நெல் விளைந்த நிலப்பரப்பு சென்ற அரை நூற்றாண்டில் பெருமளவு சுருங்கியதும், அவ்விடத்தில் வாழையும் தென்னையும் இரப்பரும் வீட்டுமனைகளும் வந்ததும் எவரும் அறிந்தவை. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டப்பட்டபோது மாவட்டத்தில் எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. நண்பகலும் வேனிலும் என அதற்குப் பொழுதையே வகுத்தார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவு கொள்ளும் என்ற கருத்தை இளங்கோவடிகள் தந்தார். பாலை ஓர் இடமன்று, ஒரு நிலை. பண்டைய புலவர் எண்ணிப் பாராத ஒன்று, மருதமும் பாலையாகக்கூடும் என்பது. நாஞ்சில் நாட்டுக் கவிஞர்க்கு இது இலக்கணச் செய்தி மட்டுமன்று.

இத்தரப்பின் வாதம் மெல்லிய குரலில் வருவதற்குக் காரணம் வெளிப்படை. காற்றாலையைக் குற்றஞ்சாட்டுவோன் பிறனைக் குற்றஞ்சாட்டுகிறான். வயலை மனையாக்கியதைக் குற்றஞ்சாட்டுவோன், பெரும்பாலும் தன் மைத்துனனையும், சில வேளைகளில் தன்னையுமே குற்றஞ்சாட்ட வேண்டியுள்ளது.

1877ஆம் ஆண்டின் பாடம்

இத்தகைய வழக்கு சென்னை மாகாணத்தில் முன்னரும் நிகழ்ந்துள்ளது. அதன் தீர்ப்பு மிகவும் தாமதமாக வந்தது. 1849ஆம் ஆண்டிலேயே எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சென்னை ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். காடழிவே வறட்சிக்குக் காரணம் என்னும் கருத்து அந்நாளில் வலுப்பெற்று வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னகத்தைச் சூறையாடியது. அப்பஞ்சத்தின் நடுவே, 1877இல், புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர், சென்னையின் மழைப் பதிவேடுகளைக் கொண்டு, பதினோராண்டுக்கு ஒருமுறை குறைந்து கூடும் சூரியப் புள்ளிகளே வறட்சிக்கு அடிப்படை என்று நூல் வெளியிட்டார். வானியலறிஞர் நார்மன் லாக்கியர் அவரோடு சேர்ந்துகொண்டார். ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி அக்கணக்கு செல்லாது என மறுத்தார். அரசின் வானிலை ஆய்வாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு, பின்னர் இமயத்துப் பனியில் காரணம் தேடினார். 1904இல் இந்தியாவுக்கு வந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடலுக்கும் இந்தியக் கடலுக்கும் இடையே காற்றழுத்தம் துலாத்தட்டுப்போல் ஏறியிறங்குவதை 1920களில் விளக்கினார். 1877ஆம் ஆண்டு வறட்சியின் பின்னே மிகக் கடுமையான எல் நினோ ஒன்று நின்றது என்பது அதன்பின் வந்தோர் கண்டது.

அறிவியல் இவ்வாறு பிழைத்தும் திருந்தியும் நடந்தது. அது அதன் இயல்பு. ஆயின் அவ்வேளையில் பஞ்ச நிவாரணப் பணியில் மண் சுமந்தோர்க்கு ரிச்சர்டு டெம்பிள் விதித்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அவ்வளவில் உயிர் நிற்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். மழை பொய்த்ததற்குச் சூரியனோ கடலோ காரணமாகலாம். தானியத்தின் விலைக்கும், கூலியின் அளவுக்கும், ஏற்றுமதியான நெல்லுக்கும் சூரியன் காரணமன்று. வானத்தில் காரணம் தேடிய கண்கள் தரையில் தேட மறந்தன. மழை ஏன் பெய்யவில்லை என்பது ஒரு வினா. மக்கள் ஏன் மடிந்தனர் என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டாவதற்கு விடை கிடையாது.

உலகமும் ஊரும்

நான்காம் தரப்பின் அறிவியல் இன்று ஐயத்திற்கு இடமற்றது. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை ஜான் டின்டால் 1859ஆம் ஆண்டளவில் சோதனையால் காட்டினார். அவ்வாயு பெருகினால் உலகு எவ்வளவு சூடேறும் என்பதை சுவீடன் நாட்டு அரீனியசு 1896இல் கணக்கிட்டார். 1958இல் சார்லசு கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சம் பங்கில் 315 பங்களவு இருந்த அவ்வாயு, 2024இல் 420ஐக் கடந்து நின்றது. மனிதச் செயலால் உலகு வெப்பமடைந்தது ஐயமற்றது என அரசுகளுக்கிடையேயான காலநிலைக் குழு 2021இல் அறிவித்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முற்பட்ட அளவினும் ஏறத்தாழ 1.55 பாகை மிகுந்தது என உலக வானிலை அமைப்பு கூறியது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இந்தியாவையும் பாகிசுதானையும் சுட்ட வெப்ப அலை, இவ்வெப்பமாதலால் ஏறக்குறைய 30 மடங்கு நிகழக்கூடியதாயிற்று என்பது ஆய்வாளர் கணக்கு.

இவ்வளவும் மெய்யே. ஆயின் ‘உலகம்’ என்னும் எழுவாய் எவரையும் சுட்டுவதில்லை. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு 14 டன் அளவு. இந்தியர் ஒருவர் வெளியிடுவது 2 டன் அளவு. இந்தியருள்ளும் குளிரூட்டிய அறையில் இருப்போர்க்கும், தோவாளையில் விடியுமுன் பூப்பறிப்போர்க்கும் ஒரே கணக்கன்று. மேலும் உலகளாவிய காரணம் ஊரளவுக் காரணத்தை விலக்குவதில்லை. வானம் ஒரு பாகை ஏற்றியதன்மேல், தூர்த்த குளமும் வெட்டிய மரமும் தம் பங்கினை ஏற்றுகின்றன. காரணங்கள் ஒன்றையொன்று வெல்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன. நான்கு தரப்பாரும் ஒருவரையொருவர் மறுப்பதிலேயே பொழுதைக் கழிப்பது இதனை உணராமையால்தான்.

புழுக்கம் என்னும் சொல்

இவ்வழக்கில் தமிழ் மொழியே ஒரு சான்றாகக் கூண்டில் ஏறுதல் வேண்டும். வெயில், வெம்மை, வெக்கை, அனல், தகிப்பு, காந்தல், புழுக்கம் ஆகியவை ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. வெயில் என்பது கதிரவன் படுமிடத்தில் உள்ளது. நிழலில் அது இல்லை. வெக்கை என்பது நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் எழுவது, நிழலிலும் உண்டு. புழுக்கம் என்பது காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை உலராமல் உடல் வேவது, இரவிலும் உண்டு. நெல்லை ஆவியில் அவிப்பதைப் புழுக்குதல் என்று கூறும் மொழி, மனித உடலுக்கும் அச்சொல்லையே ஈந்துள்ளது. இதைவிடத் துல்லியமான உடலியல் விளக்கம் அரிது.

வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பம் 40 பாகையையும் கடலோரத்தில் 37 பாகையையும் எட்டி, அவ்விடத்து இயல்பான அளவினும் 4.5 பாகையேனும் மிகுந்தால் அது வெப்ப அலை. ஈரக்காற்று வீசும் குமரிக் கரையில் 35 பாகையிலேயே மக்கள் துவண்டுபோவர். அது வெப்ப அலை என்னும் கணக்கில் வராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 பாகை காட்டுமிடத்தில் மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது என்பது 2010ஆம் ஆண்டு ஆய்வொன்றின் கணிப்பு. உடல்நலமுள்ள இளைஞர்க்கும் 31 பாகை அளவிலேயே அவ்வெல்லை தொடங்கிவிடுகிறது என 2022இல் வெளியான சோதனைகள் காட்டின. ஈரத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீட்டை இந்திய வானிலை ஆய்வுத் துறை 2023இல் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. புழுக்கம் என்னும் சொல் நெடுங்காலமாகக் கூறிவந்ததை அளவுகோல் இப்போதுதான் எட்டிப் பிடித்துள்ளது.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிதியுதவிக்கு வழி செய்தது. அவ்வுதவி கிட்டுவதற்கு இறப்பின் காரணம் வெப்பம் என்று ஏட்டில் ஏறுதல் வேண்டும். செங்கல் சூளையிலோ கல்குவாரியிலோ சுருண்டு விழுந்த ஒருவரின் இறப்பு, மாரடைப்பு என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோவது எளிது. மாரடைப்பு பொய்யன்று, ஆயின் அது இறுதிக் காரணம் மட்டுமே. அவ்விதயத்தை நிறுத்தியது எது என்னும் வினா எழுதப்படாமலே போகிறது. காரணத்தைக் குறிக்கும் ஒரு சொல்லின்மேல் ஒரு குடும்பத்தின் சோறு நிற்கின்ற காலம் இது.

கவிஞர்க்குரிய கடமை

உவமை கூறுவதும் ஒருவகையில் குற்றப்பத்திரிகை எழுதுவதே. காற்றாலையைக் கைவீசும் அரக்கன் என்று எழுதும் கவிஞர் ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகிறார். கதிரவனைக் கொடுங்கோலன் என்று எழுதுபவர், மண்ணிலுள்ள அனைவரையும் விடுதலை செய்துவிடுகிறார். அழகாக அமைந்த உவமை, ஆராயாமலே நம்பப்படும் ஆற்றலுடையது. ஆகவே அதனைக் கையாள்வோர்க்குப் பொறுப்பு மிகுதி. இதனால் கவிஞர்கள் உவமையைத் துறந்து புள்ளிவிவரம் எழுதுதல் வேண்டும் என்பதில்லை. தாம் கண்டதை முதலில் பிழையின்றிக் கூறுதல் வேண்டும் என்பதே கருத்து. வெயிலா, வெக்கையா, புழுக்கமா? பகலிலா, இரவிலா? பங்குனியிலா, வைகாசியிலா? எவர் உடம்பில்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் கவிதை, காரணத்தை ஒரு சொல்லாலும் கூறாதபோதும், காரணம் தேடுவோர்க்குச் சான்றாக நிற்கும்.

இலக்கிய வட்டமொன்று தன் இரண்டாம் பத்தாண்டில் செய்யத்தக்க எளிய பணியும் உண்டு. ஒரு மழைமானியும், இரு வெப்பமானிகளும், ஒரு குறிப்பேடும் போதுமானவை. வெப்பமானிகளுள் ஒன்றினை ஈரத்துணி சுற்றி வைத்தல் வேண்டும். முதற்சாரல் விழுந்த நாள், கன்னிப்பூவுக்கு வயலில் நீர் வந்த நாள், மா பூத்த நாள், கிணற்று நீர் இறங்கிய அளவு, காற்று திசை மாறிய பொழுது, உறங்க முடியாமல் மக்கள் திண்ணைக்கு வந்த இரவுகள் ஆகியவற்றை உறுப்பினர் முறைவைத்து எழுதி வரலாம். ஒவ்வொரு காற்றுக்கும் ஒவ்வொரு வெம்மைக்கும் உழவரும் மீனவரும் பூத்தொடுப்போரும் வழங்கும் பெயர்களையும் அதில் சேர்க்கலாம். பத்தாண்டு கழிந்தபின், காற்றாலையா, குளமா, கோளா, உலகா என்னும் வழக்கு மீண்டும் எழும்போது, இந்த ஊர் வெறும் குரலை மட்டும் உயர்த்தாமல் ஓர் ஏட்டையும் எடுத்து வைக்கும்.

மேகத்தின் மேலும் மீனின் மேலும் பழியை ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடாமல், கண்டதைக் கண்டவாறு எழுதி, காரணத்தைக் கணக்கிட்டுக் கூறி, பொறுப்புடையோர் பெயரைத் தயங்காமல் சொல்லும் துணிவே இக்கோடை தமிழ்க் கவிஞரிடம் கேட்பது. அத்துணிவோடு இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் அடியெடுத்து வைப்பதாகுக.